கதவடியில் ஒரு காவற்கண்

காவற்காரனின் அருமையை நாம் அறிவது பெரும்பாலும் அவன் உறங்கிவிட்ட இரவிலேதான். அவன் விழித்திருந்த ஆயிரம் இரவுகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. களவு நிகழாத நாளிலே காவலனுக்கு நன்றி கூறுவார் யார்? மனிதக் காவலனுக்குரிய இந்த விதி, இயந்திரக் காவலனுக்கும் அப்படியே பொருந்தும். மின்சாரக் கதவின் அடியிலே, நிலத்திலிருந்து அரையடி உயரத்திற்குள், சுவரோரமாக ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சிறு கண்ணைப் பற்றியே இவ்வாரம் வாசகர்களோடு உரையாட எண்ணுகின்றோம்.

நம் நாட்டிலே ‘கராஜ்’ என்று கூறினால், எண்ணெய்க் கறை படிந்த உடுப்போடு ஒருவர் வண்டிக்கு அடியிலே படுத்திருக்கும் திருத்துமிடமே நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் அச்சொல் வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டகையைக் குறிக்கும். அங்கு குளிர் கடுமை. ஆகையால் வண்டியும் மனிதரைப் போலவே கூரையின் கீழ் உறங்க வேண்டியிருக்கின்றது. கொட்டகையின் முகப்பு முழுவதும் ஒரே கதவு. பொத்தானை அழுத்தினால் அது தண்டவாளத்திலே ஏறி, கூரையோடு கூரையாகப் படுத்துக்கொள்ளும். மறுபடியும் அழுத்தினால் இறங்கி நிலத்தைத் தொடும். ரொறன்ரோவிலும் அதன் சுற்றூர்களிலும் நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்று இங்கிருந்து செல்லும் பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர்! அவர்கள் அங்கு முதன்முதலிற் பழக வேண்டிய இயந்திரங்களுள் இக்கதவும் ஒன்று. அன்றியும், இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் புதிதாக எழும் வீடுகள் பலவற்றிலே மோட்டாரால் ஏறியிறங்கும் உருட்டுக் கதவுகளையும், ரிமோட்டால் நகரும் வாயிற் கேற்றுகளையும் காண்கின்றோம். ஆகவே, இது கடல் கடந்தவர்களுடைய கவலை மட்டுமன்று.

முதலில் கதவின் இயல்பை நோக்குவோம். இரு கார்கள் நிற்கக்கூடிய கொட்டகையின் கதவு பெரும்பாலும் 70 கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையது. அவ்வளவு பாரத்தையும் மேலே இருக்கும் சிறு மோட்டார் தூக்குகின்றது என்று எண்ணுவது தவறு. உண்மையிலே பாரத்தைத் தாங்குவன முறுக்கேறிய ஸ்பிரிங்குகளே. கிணற்றடித் துலாவிலே பின்பக்கத்துப் பாரம் பட்டையின் பாரத்தை ஈடுசெய்வது போல, ஸ்பிரிங்கின் முறுக்கு கதவின் பாரத்தை ஈடுசெய்கின்றது. அதனாலேதான் சிறிய மோட்டார் ஒன்று அதனை இலகுவாக ஏற்றியிறக்க முடிகின்றது. ஆயினும், மோட்டாருக்குக் கண்ணில்லை, உணர்வில்லை. இறங்கு என்று கட்டளையிட்டால் அது இறங்கும். கீழே கிடப்பது பழைய பந்தா, பச்சிளங் குழந்தையா என்ற பேதம் அதற்குத் தெரியாது.

இந்தப் பேதமின்மை எத்தகைய துன்பத்தை விளைத்தது என்பதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவமே சான்று. அந்நாட்டின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றின்படி, 1982ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொடக்கம், 2 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 60 பிள்ளைகள் தானியங்கிக் கொட்டகைக் கதவுகளின் கீழ் அகப்பட்டு உயிரிழந்தனர். சராசரியாக ஆண்டொன்றுக்கு நால்வர். உயிர் தப்பியும் மூளை பாதிக்கப்பட்டவர்களும், நிரந்தர ஊனமுற்றவர்களும் இவர்களுக்குப் புறம்பானவர்கள். எதிரியின் குண்டுக்கு இரையானவர்களல்லர் இப்பிள்ளைகள். தத்தம் வீட்டு முற்றத்திலே, தாய் தந்தையர் வசதிக்கென்று வாங்கிய கருவிக்கு இரையானவர்கள்.

இதன் விளைவாக 1990ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசு சட்டமொன்றை இயற்றியது. 1993ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதிக்குப் பின்னர் வீடுகளுக்கென உற்பத்தியாகும் ஒவ்வொரு கதவு மோட்டாரும், ஆளை நசுக்காதிருப்பதற்கான ஏற்பாடுகளைக் கொண்டிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அதன் பயனாகக் கதவுகளுக்கு இரண்டு காவலர் வாய்த்தனர். முதலாவது காவலன், கதவின் இரு ஓரங்களிலும் எதிரெதிரே பொருத்தப்படும் ஒளிக்கண். இரண்டாவது காவலன் மோட்டாருக்குள்ளேயே இருப்பவன். கதவு எதிலேனும் முட்டினால், இரண்டு விநாடிக்குள் அதனைத் திருப்பி மேலே அனுப்புபவன். முதலாமவன் தொடுவதற்கு முன் காப்பவன். இரண்டாமவன் தொட்ட பின் காப்பவன். இவ்விருவரும் விழித்திருக்கின்றனரா என்று பார்ப்பதே வீட்டுக்காரருடைய கடமை. சட்டம் காவலரை நியமிக்கும். அவர்களை எழுப்பிப் பார்ப்பதற்குச் சட்டம் வீட்டுக்கு வராது.

ஒளிக்கண் எவ்வாறு பார்க்கின்றது என்பதை மாணவ வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியல் அறிஞர், சூரிய ஒளியை அரியம் ஒன்றினூடாகச் செலுத்தி, பிரிந்த நிறங்கள் ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எந்த ஒளியும் தெரியாத இடத்திலே வைத்த வெப்பமானியிலும் வெப்பம் ஏறியது. கண் காணாத கதிர் ஒன்று அங்கு உண்டென அவர் அறிந்தார். அதுவே செங்கீழ்க் கதிர்; அகச்சிவப்புக் கதிர் என்றும் அதனை வழங்குவர். கதவின் ஒரு புறத்திலுள்ள கண் இக்கதிரை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும். மறுபுறத்துக் கண் அதனைப் பெற்றுக்கொண்டிருக்கும். பெறும் கண், “கதிர் வருகின்றது, வழி வெறுமையாக இருக்கின்றது” என்று மோட்டாருக்கு ஓயாது செய்தி கூறும். நடுவிலே ஒரு குழந்தையின் கால் குறுக்கிட்டாற் செய்தி நின்றுவிடும். செய்தி நின்ற கணமே இறங்கும் கதவு நின்று, திரும்பி மேலே செல்லும்.

வீட்டிலுள்ள தொலைக்காட்சியின் ரிமோட்டிலும் பெரும்பாலும் இதே கதிர்தான் இருக்கின்றது. அதன் முனையைக் கைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். வெறுங் கண்ணுக்குத் தெரியாத கதிர், பல கைபேசிகளின் திரையிலே வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னும். சில கமராக்கள் இக்கதிரை வடிகட்டிவிடும். அப்போது முன்பக்கத்துக் கமராவை முயன்று பார்க்கலாம்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. “ஆபத்து” என்று கூவுவது இக்கண்ணின் தொழிலன்று. “ஆபத்தில்லை” என்று கூறிக்கொண்டேயிருப்பதுதான் அதன் தொழில். கூவுவதைத் தொழிலாகக் கொண்ட காவலன் இறந்துபோனால் வீடு அமைதியாக இருக்கும். அவன் இறந்தது எவருக்கும் தெரியாது. நலம் கூறிக்கொண்டிருப்பவன் இறந்தாலோ குரல் நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். எனவே, கண்ணிலே தூசி படிந்தாலும், வயர் அறுந்தாலும், தாங்கி வளைந்தாலும், கதிர் சென்று சேராது. கதவு மூட மறுக்கும். திறப்பதற்கு மட்டும் தடையிராது. வேலைக்குப் போகும் அவசரத்திலே கதவு இவ்வாறு அடம்பிடித்தால் நமக்குச் சினம் பொங்குகின்றது. “இந்தச் சனியன் பழுதாகிவிட்டது” என்று வைகின்றோம். உண்மையில் அது பழுதல்ல, பண்பு. “என் கண் தெளிவாக இல்லை, ஆகையால் இறங்க மாட்டேன்” என்று கூறும் காவலனை நாம் வைதல் தகுமா? தன் குறையை மறைத்துக் கடமையைச் செய்வதாக நடிப்பவனிலும் இவன் நூறு மடங்கு மேலானவன் அல்லவா?

சினத்தை அடக்கிக்கொண்டு குனிந்து பார்த்தால், பத்துக்கு எட்டு முறை காரணம் அற்பமாகவே இருக்கும். பராமரிப்பும் அவ்வாறே மிக எளிது. இரு கண்களின் முன்னும் வாளி, செருப்பு, சைக்கிட் சில்லு, உலர்ந்த சருகு முதலியன குறுக்கே நிற்கின்றனவா என்று முதலிற் பார்க்க வேண்டும். பிறகு, மென்மையான உலர்ந்த துணியால் இரு வில்லைகளையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். சிலந்திக்கு இக்கண்ணின் ஓரம் மிகவும் பிரியமான இடம். ஒரே இரவிலே வலை பின்னிவிடும். நம் நாட்டிலே எறும்பும் பல்லியும் இதற்குத் துணை. அழுக்கு விடாப்பிடியாக இருந்தால் துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்கு பிழிந்து துடைக்கலாம். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றைக் கொண்டு துடைத்தல் கூடாது. பிளாஸ்ரிக் வில்லை மங்கிவிடும். நேராகத் தண்ணீர் தெளித்தலும் ஆகாது. தண்டவாளத்துக்கு எண்ணெய் இடுகின்றவர்கள் அந்தக் கையாலேயே கண்ணைத் தொடாதிருப்பார்களாக.

துடைத்த பின்னும் கதவு மறுக்குமாயின், கண்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் நோக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சிறு விளக்கு உண்டு. இரண்டும் நிலையாக எரிந்தால் பார்வை சரி. ஒன்று அணைந்தோ மின்னிக்கொண்டோ இருந்தால், பந்து பட்டோ தும்புத்தடி பட்டோ கண் திரும்பிவிட்டது எனக் கொள்ளலாம். தாங்கியிலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, விளக்கு நிலைபெறும் வரை கண்ணை மெல்லத் திருப்பி, மறுபடியும் இறுக்கினாற் போதும். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூல் ஒன்றை இழுத்துக் கட்டிப் பார்த்தால், உயரம் ஒத்திருக்கின்றதா என்பது உடனே தெரியும். மேசன்மார் சுவர் எழுப்பும் பொழுது செய்வது இதுதானே! கண்களை நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்திலே வைக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. தவழும் குழந்தையையும் அது காண வேண்டும் என்பதே காரணம். அடிக்கடி பந்து படுகின்றதென்று கண்ணை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி வைத்தல், தவழும் குழந்தைக்குக் காவலை நீக்கிவிடுவதற்கு ஒப்பாகும்.

சில வீடுகளிலே காலையில் மட்டும் அல்லது மாலையில் மட்டும் கதவு மூட மறுக்கும். வீட்டார் இதனைப் பேயின் வேலை என்று எண்ணாத குறை. உண்மையில் அது சூரியனின் வேலை. சூரிய ஒளியிலும் செங்கீழ்க் கதிர் உண்டென்பதைத்தானே ஹேர்ஷல் கண்டறிந்தார்? சூரியன் தாழ்ந்து நிற்கும் வேளையில் வெயில் நேரே பெறும் கண்ணிலே விழுந்தால், எதிர்ப்புறத்துச் சிறு கதிர் அப்பேரொளியிலே அமிழ்ந்துவிடும். பெறும் கண்ணை நிழலுள்ள புறத்துக்கு மாற்றிப் பொருத்துவது இதற்குச் சிறந்த பரிகாரம். வில்லையைச் சுற்றிச் சிறு அட்டைக் குழல் ஒன்றை முக்காடு போலச் செருகுவதும் பல இடங்களிற் பயன் தரும்.

இனிச் சோதனைக்கு வருவோம். துடைப்பது வேறு, சோதிப்பது வேறு. பளபளவென்று துலக்கிய விளக்கும் திரியில்லாவிட்டால் எரியாது. மாதம் ஒரு முறை, பிள்ளைகளை எட்ட நிறுத்திவிட்டு, இரண்டு சோதனைகளைச் செய்தல் வேண்டும். இரண்டுக்குமாக ஐந்து நிமிடம் போதும்.

முதலாவது, கண்ணின் சோதனை. கதவை முற்றாகத் திறந்து, பின் மூடும் பொத்தானை அழுத்துங்கள். கதவு பாதி இறங்கும்பொழுது, நீண்ட தும்புத்தடியொன்றைப் பக்கத்திலே நின்று கண்களுக்குக் குறுக்கே நீட்டுங்கள். கதவு உடனே நின்று மேலே திரும்ப வேண்டும். கையையோ காலையோ நீட்டிச் சோதித்தல் எக்காரணத்தாலும் கூடாது. தேர்வு எழுதுவது கதவு. அதிலே தோற்றால் தண்டனை நமக்கு வரக்கூடாது.

இரண்டாவது, தொட்டுத் திரும்பும் சோதனை. ஏறத்தாழ ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரத்துண்டு ஒன்றை வாயிலின் நடுவிலே நிலத்திற் படுக்கையாக வையுங்கள். அது கண்ணின் கதிருக்குக் கீழே கிடப்பதால், கண் அதனைக் காணாது. கதவு இறங்கி மரத்தைத் தொட்டதும் தானாகவே திரும்ப வேண்டும். மரத்தை அழுத்திக்கொண்டு நின்றுவிட்டாலும், திரும்பத் தயங்கினாலும், இரண்டாவது காவலன் உறங்குகின்றான் என்பது பொருள். அவ்வாறாயின், தேர்ந்த தொழிலாளி ஒருவர் வந்து பார்க்கும் வரை மின்சாரத்தால் அக்கதவை இயக்காதிருப்பதே முறை.

முதலாவது காவலன் இருக்கும்பொழுது இரண்டாமவன் எதற்கு என்று கேட்கலாம். ஒளிக்கண் காண்பது ஒரே ஒரு கோட்டை மட்டுமே; வாயில் முழுவதையுமன்று. கார் வாயிலிலே பாதி நின்றால், முன் சில்லு ஒரு புறமும் பின் சில்லு மறு புறமுமாக இருக்க, கதிர் வண்டியின் அடியாற் சென்று சேர்ந்துவிடலாம். சைக்கிளுக்கும் இது பொருந்தும். கோட்டுக்கு மேலே நீட்டிய கையையும், குனிந்த தலையையும் கண் காணாது. அங்கு காக்க வேண்டியவன் இரண்டாமவனே.

அந்த இரண்டாமவனைப் பலர் அறியாமலே மயக்கிவிடுகின்றனர். அது நிகழும் விதத்தை நோக்குவோம். ஸ்பிரிங் நாளடைவிலே தளர்கின்றது, தண்டவாளம் துருப்பிடிக்கின்றது, கதவு இறங்க மறுத்து நடுவிலே திரும்புகின்றது. மோட்டாரின் விசையைக் கூட்டும் திருகு ஒன்று உண்டென்று எவரோ கூற, வீட்டுக்காரர் அதனைத் திருப்பிவிடுகின்றார். கதவு இறங்குகின்றது, அவருக்கும் மகிழ்ச்சி. ஆனால், துருவை வென்று இறங்கக் கற்ற கதவு, குழந்தையின் மார்பையும் வென்று இறங்கக் கற்றுவிட்டது என்பதை அவர் உணர்வதில்லை. கதவு கனமாக இயங்கினால் கனத்துக்குரிய காரணத்தைக் களைய வேண்டுமேயன்றி, விசையைக் கூட்டுதல் பெருந் தவறு. விசையிலோ கதவின் எல்லையிலோ சிறு மாற்றம் செய்தாலும், மரத்துண்டுச் சோதனையை உடனே மறுபடியும் செய்தல் வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பற்றியும் ஒரு கடுஞ் சொல் கூறியே ஆகவேண்டும். அதனைத் தாமாகவே கழற்றவோ முறுக்கவோ எவரும் முனைதலாகாது. கதவின் பாரம் முழுவதையும் தாங்கும் முறுக்கு அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அவிழ்ந்தால் கையை முறிக்கும், உயிரையும் வாங்கும். வில்லையைத் துடைப்பதும், கண்ணை நேராக்குவதும், சோதிப்பதும் வீட்டாரின் வேலை. ஸ்பிரிங், கம்பிவடம், மோட்டாரின் உள்ளுறுப்பு ஆகியன தொழிலாளியின் வேலை. எல்லை அறிந்து வேலை செய்பவனே நல்ல கைவினைஞன்.

கண்ணைப் பேணுவதைவிட ஏமாற்றுவதிலே சிலர் காட்டும் சாமர்த்தியம் வியப்புக்குரியது. மூட மறுக்கும் கண்கள் இரண்டையும் கழற்றி, எதிரெதிரே நெருக்கமாக வைத்துக் கட்டி, கூரையிலே தொங்கவிடுவார்கள். கதிர் சென்று சேர்கின்றது, கதவும் மூடுகின்றது. காவற்காரனை மச்சிலே பூட்டி வைத்துவிட்டு, வாயிலிலே காவல் இருக்கின்றதென்று கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? வேறு சிலர், சுவரிலுள்ள பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கண்ணின் மறுப்பையும் மீறிக் கதவு மூடும் என்பதை அறிந்து, அதனையே நாள்தோறும் வழக்கமாக்கிக்கொள்வர். அவ்வசதி, கண் பழுதுற்ற நாளில், ஒருவர் அங்கேயே நின்று கதவை இமையாது பார்த்துக்கொண்டு மூடுவதற்காக மட்டும் அமைந்தது. மனிதக் கண் இயந்திரக் கண்ணின் இடத்தை எடுத்துக்கொள்கின்றது என்பதே அதன் கருத்து. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்துபவர் இரு கண்களையும் ஒருங்கே மூடிவிடுகின்றார்.

இன்னுமொன்று. பொத்தானை அழுத்திவிட்டு, இறங்கும் கதவின் கீழே குனிந்து, கதிர்க் கோட்டைத் தாண்டிக் குதித்து வெளியே ஓடும் பெரியவர்களைக் காண்கின்றோம். அவர்களுக்கு அரை நிமிடம் மிஞ்சுகின்றது. அருகில் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாகத் தெரிகின்றது. பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதிலும், செய்வதைப் பார்ப்பதே அதிகம்.

நம் நாட்டு வீடுகளிலுள்ள மோட்டார்க் கேற்றுகளுக்கும் இவையெல்லாம் பொருந்துமா எனின், பொருந்தும். 2010ஆம் ஆண்டுக் கோடையிலே, ஒருசில நாட்களுக்குள், இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் தென் வேல்ஸின் பிரிட்ஜெண்டிலும் இரு சிறுமிகள் மின்சார வாயிற்கதவுகளில் அகப்பட்டு உயிரிழந்தனர். ஒருத்திக்கு வயது 6. மற்றவளுக்கு வயது 5. பக்கவாட்டில் நகரும் கேற் மேலிருந்து விழுவதில்லையாதலால், அதனைச் சாதுவென்று நாம் எண்ணுகின்றோம். தூணுக்கும் கேற்றுக்கும் இடையே அகப்பட்ட உடலுக்கு அவ்வேறுபாடு தெரியாது. ஆகவே, புதிதாகக் கேற்றோ உருட்டுக் கதவோ பொருத்துகின்றவர்கள் நிறத்தையும் விலையையும் விசாரிக்கும் முன்னர், மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக. இதற்கு ஒளிக்கண் உண்டா? எதிலேனும் முட்டினால் திரும்புமா? பொருத்தி முடித்ததும் இவ்விரண்டையும் என் கண்முன்னே சோதித்துக் காட்டுவீரா? கண்ணில்லாத மோட்டாராயின், பல வகைகளுக்குக் கண்ணைப் பின்னரும் சேர்த்துக்கொள்ளலாம். மோட்டாரின் விலையோடு ஒப்பிடின் அது பெருஞ் செலவன்று. நம் நாட்டு வெயிலும் மாரி மழையும் கண்ணைச் சோதிக்கும் என்பதையும் மனத்திற்கொண்டு, மழை தாங்கும் உறையுள்ள கண்ணையே கேட்டு வாங்குதல் நன்று.

மின்வெட்டின் கொடுமையை நமக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை; 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளிலிருந்தவர்கள் நாம். மின்சாரம் நின்றபொழுது, கொட்டகைக் கதவின் மோட்டாரைக் கதவிலிருந்து விடுவிப்பதற்குப் பெரும்பாலும் சிவப்புப் பிடியுள்ள கயிறு ஒன்று தொங்கும். கேற்றுக்குத் திறப்பு ஒன்று தந்திருப்பார்கள். அது எங்கே இருக்கின்றது, எப்படி இயக்குவது என்பதை வீட்டிலுள்ள பெரியவர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஆனால், கயிற்றை இழுத்த பின் இரு காவலரும் இல்லை என்பதை மறத்தலாகாது. ஸ்பிரிங் முறிந்திருந்தால், விடுபட்ட கதவு முழுப் பாரத்தோடும் விழும். ஆகையாற் கயிற்றை இழுக்க நேர்ந்தால், இயன்ற வரை கதவு மூடியிருக்கும்பொழுதே இழுக்க வேண்டும். கீழே ஒருவரும் நிற்கக்கூடாது.

வெளிநாடு செல்லும் பாட்டன் பாட்டிமாருக்கும், அவர்களை அழைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விமான நிலையத்திலிருந்து வீடு வந்ததும் குளிர்ப் பெட்டியையும் அடுப்பையும் காட்டிக்கொடுப்பது போல, இக்கதவையும் காட்டிக்கொடுங்கள். மூடும் பொத்தானை அழுத்தியவர், கதவு நிலத்தைத் தொடும் வரை அவ்விடத்தை விட்டு நகரலாகாது என்ற ஒரு விதியை அவர்கள் மனத்திற்கொண்டாற் போதும். சுவர்ப் பொத்தான் நிலத்திலிருந்து ஐந்தடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். ரிமோட் விளையாட்டுச் சாமானன்று. இவற்றைப் பேரப் பிள்ளைக்கு எடுத்துக் கூறுவதற்குப் பாட்டியைவிடப் பொருத்தமானவர் யார்?

மாதம் ஒரு முறை என்றோம். எந்நாளில் என்ற கேள்வி எழும். “என்றாவது செய்வோம்” என்பது ஒருநாளும் செய்யாமைக்கு இட்ட பெயர். நம் நாட்டவருக்கு இதிலே ஒரு வசதி இருக்கின்றது. மாதந்தோறும் பூரணை தினம் விடுமுறையாக வருகின்றது. வீட்டார் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் நாள் அது. அன்று காலை ஐந்து நிமிடத்தை இக்கதவுக்கு ஒதுக்கலாம். கதவருகே அட்டையொன்றைத் தொங்கவிட்டு, “கண் சரி, தொட்டுத் திரும்பியது” என்று திகதியோடு எழுதும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படையுங்கள். அளந்து, பார்த்து, எழுதி வைத்தல் விஞ்ஞானத்தின் முதற் பாடம். அப்பாடத்தை வீட்டு வாயிலிலேயே கற்கலாம். வெளிநாட்டிலிருப்போர் ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளட்டும்.

ஆண்டு முழுவதும் சோதித்தும் ஒரு பிழையும் தென்படவில்லை என்று சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். பன்னிரண்டு முறை தட்டியும் பன்னிரண்டு முறையும் “விழித்திருக்கின்றேன்” என்று பதில் வருமாயின், அதைவிட நல்ல செய்தி வேறென்ன? அட்டையிலே ஒரே மாதிரியான பன்னிரண்டு வரிகள் இருத்தலே, அந்த வாயிலாற் பிள்ளைகள் ஓடித் திரிவதற்குக் கிடைத்த உரிமைப் பத்திரம். வருகின்ற பூரணையன்று முதல் வரியை எழுதுங்கள்.